டைம் கீப்பர் வீட்டு மெமரி கார்டு

அப்பா காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தார். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்து, கண்டக்டர் நீட்டும் சீட்டில் நேரத்தைக் குறித்து, மைக்கில் சொல்வது அவர் வேலை. எங்கள் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இரண்டு தெரு தள்ளி. காற்று எங்கள் பக்கம் அடித்தால் அவர் குரல் சமையலறை வரைக்கும் வரும். "பயணிகள் கவனத்திற்கு. வாலாஜாபாத் வழியாக தென்னேரி செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது." ஸ்ரீபெரும்புதூரை மட்டும் அவரால் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. 'ஸ்ரீபெரும்பூ' என்று இழுத்து, நிறுத்தி, ஏதோ ஞாபகம் வந்ததுபோல் 'தூர்' என்பார். கடைத்தெருவில் எங்களைப் பார்ப்பவர்கள் முகத்தை வைத்து அடையாளம் கண்டதில்லை. அப்பா வாயைத் திறந்து கத்தரிக்காய் விலை கேட்டதும்தான் திரும்பிப் பார்ப்பார்கள். "அட, டைம் கீப்பர் சாரா!"

அவர் ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் அம்மா போய்விட்டாள். அதன் பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பார்த்தார்கள், அமையவில்லை, பிறகு பார்ப்பதற்கு ஆள் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு பாலிடெக்னிக்கில், எலக்ட்ரானிக்ஸ் லேபில் எனக்கு வேலை. காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போவேன், மாலையில் வருவேன். அப்பா அன்றைக்குத் தெருவில் நடந்ததையெல்லாம் மைக்கில் சொல்வதுபோலவே சொல்லுவார். சில நாள் எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

ஒரு நாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் குழாயடியிலேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கையும் வலது காலும் அசையவில்லை. பேச்சும் இல்லை. என்ன சொல்ல நினைத்தாலும் 'தா' என்கிற ஒரே ஓசைதான் வந்தது. "தா, தா, தா." கோபத்துக்கும் அதுதான், தண்ணீருக்கும் அதுதான். நாம் பேசுவது அவருக்கு முழுக்கப் புரிகிறது, வார்த்தையை வெளியே கொண்டுவரும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்றார் டாக்டர். இடது கையில் பென்சிலைக் கொடுத்துப் பார்த்தேன். கோடுதான் வந்தது, எழுத்து வரவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு பென்சிலைக் கீழே போட்டார். மறுபடியும் நான் கொடுக்கவில்லை.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஐயம்பேட்டையிலிருந்து ஓர் அக்கா வந்தார். அம்பது வயது இருக்கும். முன்பு ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை செய்தவர். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார், நான் கிளம்புவேன். மாலையில் நான் வருவேன், அவர் கிளம்புவார். வாசலில் செருப்பு மாட்டிக்கொள்ளும் அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு வீட்டில் நடக்கும் பேச்சு.

"இட்லி ரெண்டு துன்னாரு. மூணாவது வேணாம்னுட்டாரு. மதியம் தூங்கல, ரோட்டையே பாத்துக்கினு இருந்தாரு. வரட்டா டீச்சர்?"

அவர் போனதும் வீடு அமைதியாகிவிடும். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் சுவர் வழியாக வரும். பஸ் ஸ்டாண்டிலிருந்து இப்போதெல்லாம் பதிவு செய்த குரலில் நகைக்கடை விளம்பரம் வரும். அப்பா கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் அடுத்த அறையில் விடைத்தாள் திருத்துவேன். ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் எவர்சில்வர் டம்ளரால் தட்டுவார். நான் ஓடிப்போய், "தண்ணியா? பாத்ரூமா? திரும்பிப் படுக்கணுமா? ஃபேனா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். சரியானதைச் சொல்லும்வரை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். சில சமயம் நான் சொன்ன எதுவுமே இல்லை. அப்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அந்த வருடம்தான் எங்கள் லேபில் அந்தப் பலகையைப் பார்த்தேன். உள்ளங்கை அளவு. அதுவே ஒரு முழுக் கம்ப்யூட்டர். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் செய்து வரவழைத்த விரிவுரையாளர் அது வந்து சேர்வதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார். அலமாரியில் வெள்ளிநிற உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. அந்த மாதிரிப் பலகையை எங்கள் ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். துறைத்தலைவரிடம், லீவில் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"எடுத்துக்கினு போம்மா. இங்க யாரு அதத் தொடப் போறாங்க," என்றார்.

எனக்குள் ஒரு யோசனை இருந்தது. நாலு பெரிய பட்டன். ஒன்றை அமுக்கினால் 'தண்ணி வேணும்' என்று ஸ்பீக்கர் சொல்ல வேண்டும். இன்னொன்று பாத்ரூம். இன்னொன்று திருப்பிப் படுக்க வைப்பது. நாலாவது, 'இங்க வா.' அக்காவிடம் சொன்னேன். பலகையைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா இவ்ளோ பாடு? கட்டில்ல ஒரு மணியக் கட்டி வுட்டா போச்சி."

அவர் சொன்னது சரிதான். மணி வாங்கினால் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். முடிந்த பிறகு லீவு முழுவதும் நான் அந்த வீட்டில் என்ன செய்வது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? "மணி அடிச்சா என்ன வேணும்னு தெரியாதேக்கா," என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பலகைக்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது. திரை, கீபோர்டு எதுவும் உடன் வராது. அதன் இயங்குதளத்தை, அதாவது அது எழுந்து நின்று வேலை செய்யத் தேவையான மென்பொருள் மொத்தத்தையும், கேமராவில் போடுகிற மாதிரி ஒரு சின்ன மெமரி கார்டில் எழுதி, பலகையின் ஓரத்தில் செருக வேண்டும். பிறகு கரண்ட் கொடுத்தால் பலகை கார்டைப் படித்து உயிர் பெறும். கேட்க இவ்வளவுதான். இப்போது இதைச் செய்யும் பிள்ளைகள் ஒரு பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். அப்போது கார்டை நாமே இரண்டு பகுதியாகப் பிரிக்க வேண்டும். முதல் பகுதி சின்னது, பழைய முறையில் அமைந்தது. பலகை விழித்ததும் அதை மட்டும்தான் படிக்கத் தெரியும். மீதி இடம் முழுவதும் லினக்ஸுக்கு. என் பழைய கம்ப்யூட்டருக்கு அந்த இரண்டாவது பகுதியை உருவாக்கத் தெரியாது. சிடியிலிருந்தே ஓடும் ஒரு லினக்ஸைப் போட்டு, அதற்குள் போய்த்தான் பிரித்தேன்.

எழுத வேண்டிய கோப்புகளை இணையத்திலிருந்து இறக்குவதே பெரும் பாடாக இருந்தது. தினமும் பவர் கட் இருந்த காலம். இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஃபேன் மெல்ல நிற்கும், கம்ப்யூட்டர் அணையும், பக்கத்து வீட்டுக் கைத்தறி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். நான் விசிறியை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போய் உட்காருவேன். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடங்குவேன். ஒரு வழியாக எல்லாம் இறங்கியது. கார்டைப் பிரித்து, கோப்புகளையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் போட்டு, பலகையில் செருகி, கரண்ட் கொடுத்தேன்.

ஒரு சின்ன விளக்கு எரிந்தது. அவ்வளவுதான்.

திரை இல்லாத பலகை என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள, அதை ஒரு கேபிள் வழியாக நம் கம்ப்யூட்டரோடு இணைத்து, அது அனுப்பும் எழுத்துகளைப் படிக்கலாம். அந்தக் கேபிள் கடையில் கிடைக்காது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து பட்டையான ஒயரை எடுத்து, நானே சால்டர் வைத்துச் செய்தேன். முதல் முறை இரண்டு ஒயர் இடம் மாறிப்போயிற்று. பிரித்து மறுபடியும் வைத்தேன். இந்தத் தடவை ஏதோ வந்தது. ஓர் எண், சில எழுத்துகள், அப்புறம் புள்ளி புள்ளியாக. கரண்டை நிறுத்திக் கொடுத்தால் மறுபடியும் அதே எண், அதே எழுத்துகள், அதே புள்ளிகள்.

நான் திரையையும், கதவு வழியாக அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்து, "தா," என்றார்.

"ஆமாப்பா. இதுவும் அப்படித்தான் இருக்கு," என்றேன். சொன்ன பிறகு அவர் மனம் புண்பட்டிருக்குமோ என்று பயந்தேன். அவர் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

இந்த மாதிரிப் பலகை வைத்திருப்பவர்கள் கேள்வி கேட்டுக்கொள்ளும் ஓர் இணையக் குழு இருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நான் செய்ததை வரிசையாக எழுதிப் போட்டேன். அனுப்பிய பிறகு வெட்கமாக இருந்தது. எங்கோ பெரிய கம்பெனிகளில் இருப்பவர்கள் படிக்கும் இடம் அது. அன்று பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அரிசி களையும்போதும், அப்பாவுக்கு மாத்திரை பொடிக்கும்போதும் இடையில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். என் கேள்வி மட்டும் தனியாக நின்றுகொண்டிருக்கும்.

மூன்றாம் நாள் காலையில் பதில் வந்திருந்தது. எந்த நாட்டுக்காரர், ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. இரண்டே வரி. கார்டை மறுபடியும் துடைத்துவிட்டு, துவக்கக் கோப்பை மட்டும் முதலில் தனியாகப் போடு, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால், அது முதல் ஆளாக இல்லாவிட்டால் பலகைக்குக் கண் தெரியாது. கீழே, 'உங்கள் கேபிள் வேலை செய்கிறது, நல்ல வேலை' என்றும் எழுதியிருந்தது. தேவையான வரி முதல் வரிதான். நான் அந்தக் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் செய்த ஒன்றைப் பற்றி யாரும் எதுவும் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது.

அப்படியே செய்தேன். புள்ளிகள் போய், வாக்கியங்கள் வந்தன. திரை முழுக்க வேகமாக ஓடின. எங்கோ ஓர் இடத்தில் நின்றன. கார்டின் இரண்டாவது பகுதி கிடைக்கவில்லை, இனி என்னால் முடியாது என்று சொல்லிப் பலகை படுத்துவிட்டது. பகுதி அங்கேதான் இருக்கிறது. கார்டை எடுத்து என் கம்ப்யூட்டரில் போட்டால் தெரிகிறது. பலகையில் போட்டால் இல்லை என்கிறது.

இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. நானே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. இறக்கி வைத்திருந்த குறிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். அக்கா வந்தார், போனார். சோறு வைத்துவிட்டு, "ஆறிப்போவுது டீச்சர்," என்பார். கடைசியில் புரிந்தது. கார்டு விழிப்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. அதற்குள் பலகை தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று முடிவு செய்துவிடுகிறது. கார்டு தயாராகும்வரை காத்திரு என்று துவக்கக் கட்டளையில் ஒரே ஒரு சொல் சேர்க்க வேண்டும். சேர்த்தேன்.

ஒரு சனிக்கிழமை, சாப்பிட்டு முடித்த நேரம். வாக்கியங்கள் ஓடின. போன தடவை நின்ற இடத்தைத் தாண்டின. பிறகு எல்லாம் நின்று, உள்ளே வருபவர் யார் என்று கேட்கும் ஒற்றை வரி வந்து, அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் மினுங்கத் தொடங்கியது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "வந்துடுச்சி!" என்று கத்தினேன்.

அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தார். வாசல் பக்கம் பார்த்தார். "யாரு வந்துட்டாங்க?"

"இல்லக்கா, இதுதான். கார்டுலேந்து எழுந்துடுச்சி. பாருங்க, கேக்குது."

அவர் திரையைப் பார்த்தார். கறுப்புத் திரையில் ஒரு வரி. "என்னா கேக்குது?"

"நீ யாருன்னு கேக்குது."

"அவ்ளோதானா? நல்லது டீச்சர்," என்று சிரித்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனார். அவர் மேல் தப்பில்லை. அந்த ஒற்றை வரி என்னவென்று புரிந்துகொள்ளும் ஓர் ஆள் இந்த ஊரில் இருந்திருந்தால் அன்றைக்கு நடந்தே போய்ச் சொல்லியிருப்பேன். லேபில் ஓரிருவருக்குப் போன் செய்யலாம் என்று செல்போனை எடுத்தேன். லீவில் எல்லோரும் குடும்பத்தோடு இருப்பார்கள். வைத்துவிட்டேன். அப்பாவிடம் போய், "வந்துடுச்சிப்பா," என்று மெதுவாகச் சொன்னேன். அவர் இடது கையை உயர்த்தி, வண்டியைப் போகச் சொல்லும் டைம் கீப்பர் மாதிரி லேசாக ஆட்டினார்.

அதற்கப்புறம் வந்த வேலை சுலபம். எண்கள் மட்டும் உள்ள ஒரு சின்னக் கீபோர்டை சென்னையிலிருந்து வாங்கி வந்தேன். நாலு பட்டனை மட்டும் விட்டு மீதியை அட்டையால் மூடினேன். செல்போனில் என் குரலைப் பதிவு செய்து கார்டில் ஏற்றினேன். ஸ்பீக்கரைக் கட்டில் தலைமாட்டில் வைத்து, அப்பாவின் இடது விரலைப் பிடித்து முதல் பட்டன் மேல் வைத்தேன்.

"தண்ணி வேணும்," என்றது ஸ்பீக்கர். என் குரல்.

அப்பா விரலை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார். நான் மறுபடியும் விரலைப் பிடித்து வைத்தபோது கையை இழுத்து மார்பின் மேல் வைத்துக்கொண்டார். அன்று மாலை தாகம் எடுத்தபோது டம்ளரால்தான் தட்டினார். அடுத்த நாளும் அப்படியே. பட்டன் பக்கமே கை போகவில்லை.

நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு அந்த வாக்கியத்தைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். யோசிக்கவே இல்லையே என்று தோன்றியது. ஊரையே கூப்பிட்டு வண்டியேற்றிய மனுஷன் தன் பெண்ணின் குரலில் பாத்ரூம் போகணும் என்று எப்படிச் சொல்வார்?

"எங்க வூட்டுக்காரர வேணா பேசச் சொல்லட்டா? ஒரு கட்டு பீடி வாங்கிக் குடுத்தா பேசுவாரு," என்றார் அக்கா.

நான் அப்பாவின் குரலையே தேடத் தொடங்கினேன். இத்தனை வருடம் மைக்கில் பேசியவரின் குரல் எங்காவது ஒரு டேப்பில் இருக்காதா? சித்தப்பா வீட்டுக் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அப்பா வாயசைக்கிறார், நாதஸ்வரம்தான் கேட்கிறது. அவரோடு வேலை செய்தவர்களைக் கேட்டேன். "அத எவன்மா புடிச்சி வெப்பான்? தெனம் கேக்கறதுதானே," என்றார் ஒருவர். எங்கள் வீட்டிலும் ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தைகூட இல்லை.

அப்படிக் கேட்ட அந்தப் பழைய ஊழியர்தான், பேச்சோடு பேச்சாக, டீக்கடை பாயைப் பற்றிச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு வாசலில் டீக்கடை வைத்திருந்த பாய் அப்பா மாதிரியே பேசிக் காட்டுவாராம். அப்பா டீ குடிக்க வரும்போது பாய் கல்லாவில் உட்கார்ந்தபடியே, "பயணிகள் கவனத்திற்கு, ஸ்பெஷல் டீ புறப்படத் தயாராக உள்ளது," என்பாராம். அப்பா திட்டுவாராம். திட்டிவிட்டு, தினமும் அதே கடைக்குத்தான் போவாராம். வீட்டில் அப்பா இதைச் சொன்னதே இல்லை.

கூட்டம் குறைந்த ஒரு முற்பகலில் போனேன். பாய்க்குத் தாடி வெளுத்திருந்தது. யாருடைய மகள் என்று சொன்னதும் கல்லாவை விட்டு எழுந்துவிட்டார்.

"வாம்மா, வா. எப்டி இருக்காரு? நானே வந்து பாக்கணும்னு இருந்தேன். வந்து என்னா பேசறது? அவரு பேசுவாரு, நான் கிண்டல் பண்ணுவேன், அதான் எங்க சிநேகிதம். இப்போ நான் மட்டும் பேசினா என்னா அர்த்தம்?"

நான் பலகையைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. அப்பா மாதிரி நாலு வாக்கியம் பேசித் தர வேண்டும் என்பது புரிந்தது. முகம் மாறிவிட்டது.

"அவரு படுத்துக்கினு இருக்கும்போது அவர மாதிரி பேசறது தப்பில்லையாம்மா?"

"நீங்க பேசினாதான் பாய் அவரு பேச முடியும்."

அவர் கல்லாவைப் பூட்டினார். பிறகு கடைக்குப் பின்புறம், தண்ணீர் டிரம் பக்கத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் செல்போனை நீட்டினேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். முதல் வார்த்தையிலேயே எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே மூக்கு, அதே இழுப்பு. நான் எழுதிக்கொண்டு போயிருந்த வாக்கியங்களை அவர் சொல்லவில்லை. தானாகவே கட்டிக்கொண்டு சொன்னார். நடுவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. மறுபடியும் எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் குடித்த டீக்குக்கூடக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அன்று மாலை அக்காவைக் கொஞ்சம் இருக்கச் சொன்னேன். கார்டில் ஏற்றிச் செருகி, பலகை எழுந்ததும் முதல் பட்டனை நானே அமுக்கினேன்.

"பயணிகள் கவனத்திற்கு. தண்ணீர்... தண்ணீர். ஒரு சொம்புத் தண்ணீர் ஸ்ரீபெரும்பூ... தூர் வழியாக உடனே கட்டிலுக்கு வந்து சேரவும்."

பின்னால் ஹாரன். அப்பாவின் தோள் குலுங்கியது. மூச்சு விட்டு விட்டு வந்தது. அழுகிறார் என்று நினைத்து ஸ்பீக்கரை அணைக்கக் கை நீட்டினேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"சிரிக்கிறாரு டீச்சர்."

வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போயிருந்தது. கண்ணில் தண்ணீர். "தா, தா, தா," என்று திட்டினார். திட்டித்தான் இருக்க வேண்டும். பிறகு தானே விரலை நீட்டி, இரண்டாவது பட்டனை அமுக்கினார். பாத்ரூம் வண்டி கிளம்பத் தயாராக இருந்தது. அக்கா சிரித்துக்கொண்டே சமையலறைப் பக்கம் போய்விட்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்கியபோது, அது பாய்க்கும் அப்பாவுக்கும் நடுவில் உள்ளது, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவ்வளவுதான் என்று தோன்றியது. ஆனாலும் நன்றாக இருந்தது.

அதன் பிறகு பட்டனை ஒழுங்காகப் பயன்படுத்தினார். பகலில் அக்காவைத் தண்ணீருக்கும் மற்றதற்கும் கூப்பிடுவார். மாலையில் நான் மட்டும் இருக்கும்போது நாலாவது பட்டனைத்தான் அமுக்குவார். பாய் அதற்கு, "டைம் கீப்பர் மகள் எங்கிருந்தாலும் டைம் ஆபீசுக்கு உடனடியாக வரவும்," என்று சொல்லி வைத்திருந்தார். நான் போய் நிற்பேன். தண்ணியா என்றால் இல்லை என்று தலையாட்டல். ஃபேனா, இல்லை. திருப்பணுமா, இல்லை. எதுவும் இல்லை. சரி என்று திரும்பி அடுத்த அறைக்கு வந்து பேனாவை எடுப்பேன். "டைம் கீப்பர் மகள் எங்கிருந்தாலும்..."

முதலில் பட்டன் கெட்டுவிட்டதோ என்று சோதித்தேன். கெடவில்லை. ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டபோது, என்ன என்று கேட்காமல் கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் கையைப் பட்டனிலிருந்து எடுத்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் உட்கார்ந்துகொண்டே இருந்தேன். தெருவில் ஒருவர் சைக்கிளில் சாயம் போட்ட பட்டு நூலைக் கொண்டுபோனார். விளக்கு வைக்கும் நேரமாயிற்று. அவருக்கு வேண்டியிருந்தது இது மட்டும்தான். இத்தனை மாதம் டம்ளரால் தட்டியபோது நான் கேட்ட எந்தக் கேள்வியிலும் இது இருக்கவில்லை.

மறுநாளே என் மேசையையும் கம்ப்யூட்டரையும் அவர் அறைக்கு மாற்றினேன். அதன் பிறகு நாலாவது பட்டனின் சத்தம் குறைந்துவிட்டது. நான் வேலை செய்வேன், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு கிடையாது. ஒருவரோடு ஒரே அறையில் இருந்தும் தனியாக இருக்கலாம், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த அறையில் தனியாக இருந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது.

பவர் கட் கார்டைச் சும்மா விடவில்லை. பலகை கார்டில் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உள்ளே ஏதாவது சிதைந்துவிடும். ஒரு நாள் காலையில் பட்டன் எதற்கும் சத்தம் வரவில்லை. அப்பா அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு என்னையே பார்த்தார். அன்றைக்குக் கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு, கார்டைத் துடைத்து, பிரித்து, துவக்கக் கோப்பை முதலில் போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினேன். இந்தத் தடவை பக்கத்தில் திறந்து வைத்த குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை. மதியத்துக்குள் பாயின் குரல் திரும்பி வந்தது. அதே மாதிரி இன்னொரு கார்டும் தயார் செய்து, அப்பா பார்க்கிற மாதிரி, மாத்திரை டப்பாவுக்குள் போட்டு வைத்தேன்.

அடுத்த ஐப்பசி மழையில் அப்பாவுக்குப் பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. இந்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. பாய் வந்திருந்தார். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல், தூக்கும்வரை இருந்துவிட்டுப் போனார்.

காரியம் முடிந்ததும் பலகையைக் கல்லூரிக்குத் திருப்பிக் கொடுத்தேன். அக்காவுக்கு வாலாஜாபாத் பக்கம் வேறொரு வீட்டில் வேலை கிடைத்தது. கடைசி நாள் தன் மாற்றுப் புடவையையும் குடையையும் எடுக்க வந்தார். சமைத்திருந்தேன். இரண்டு பேரும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அத்தனை நாளில் அவரோடு ஒன்றாகச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"தனியா இருந்துடுவியா டீச்சர்?"

"இருந்துடுவேங்க்கா. பழக்கம்தானே."

"பழக்கம்னு சொல்லாத," என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சா எனக்கு வேல ஒண்ணும் கெடையாது. ஐயம்பேட்டை என்னா தூரமா? ஒரு ஆட்டோதானே. வா," என்றார்.

சரி என்று சொன்னேன். அப்படிச் சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பதுதான் என் வழக்கம். அந்த ஞாயிறும் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு காலையில், துவைத்து முடித்து, வீட்டைப் பெருக்கி, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து புடவை மாற்றிக்கொண்டு, வீட்டைப் பூட்டினேன். ஷேர் ஆட்டோவில் கடைசி இடம் ஓரத்தில் இருந்தது. ஏறிக்கொண்டேன்.

அக்கா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் ஆச்சரியப்படவில்லை. உள்ளே பார்த்து, "டீச்சர் வந்துட்டாங்க, இன்னொரு தட்டு எடு," என்று வீட்டுக்காரரிடம் சொன்னார்.